காருக்குத் தண்ணி கழித்தவனின் மேன்முறையீடு

புனித சூசையப்பர் துணை
(என் பெயருக்குரியவர் என்பதால் இந்த விஷயத்தில் அவரை மட்டும் தொந்தரவு செய்கிறேன்)

மேற்கணக்கு,
வூட்லீ தோட்டம்,
லிந்துலை.
மே மாதம் 2ஆம் திகதி.

பெருமதிப்புக்கும் கண்ணியத்துக்கும் உரிய, சித்திரை சீசன் மலையேற்றக் காரோட்டப் போட்டிக் குழுவின் கௌரவச் செயலாளர் திரு. ஜூட்சன் அவர்களின் சமூகத்துக்கு,

மேற்படி தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற சூசைரட்ணம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் குழுவினரும் குழுவின் கொடிகளும் மழையில் நனையாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். தாங்கள் என் சின்னம்மாவின் கடைசி மகன் என்பதையும், தங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கொண்டுபோனவன் நானே என்பதையும், அன்று தாங்கள் வழியெல்லாம் அழுததையும் இப்படிப்பட்ட உத்தியோகக் கடிதத்தில் குறிப்பிடுவது முறையல்ல என்பதால் நான் குறிப்பிடவில்லை. மரியாதைக்கு இந்த ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறேன். இனிமேல் 'நீ'தான், தம்பி. பதினோரு நாளாக என் போனை எடுக்காதவனுக்கு இதற்கு மேல் 'தாங்கள்' போட என் பேனாவில் மை இல்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கமிட்டியில் வாசிப்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் 21ஆம் திகதி எங்கள் தோட்டத்து ரோட்டில் நடந்த போட்டியில், எண்ணூறு சி.சி. பிரிவில், என் மகள் சுதர்ஷினி முதலாவதாக வந்தாள். கிண்ணத்தை ஹட்டன் ஹார்ட்வெயார்க் கடைக்காரரின் மகன் திலக்ஷன் கொண்டுபோனான். காரணம், சாரதியோடு சேர்த்து எழுநூறு கிலோ இருக்க வேண்டிய சுதர்ஷினியின் கார் மூன்று கிலோ குறைந்துவிட்டதாம். அந்தக் காரை நிறுத்து, எடையை உரக்கச் சொன்ன மகாபாவி நான். "அண்ணே, நிறுவ பிழைன்னா நீங்களே எழுத்துல குடுங்க, கையெழுத்தோட. கமிட்டியில எல்லாருக்கும் முன்னால வாசிச்சு முடிவெடுப்போம்" என்று அன்றைக்கே நீ சொன்னாய். அந்த எழுத்து இதுதான். பதினோரு நாள் ஏன் தாமதம் என்று கேட்டால், எழுத வேண்டிய வாக்கியம் அப்படிப்பட்டது. சுற்றி வளைத்துத்தான் அதனிடம் போகமுடியும். எங்கள் தோட்டத்து ரோடும் அப்படித்தானே இருக்கிறது.

அந்தக் காரின் பூர்வீகம் கமிட்டிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது தலவாக்கலையில் சுதர்ஷினி சாரதிப் பயிற்சி கொடுக்கிற பள்ளியின் பழைய ஆல்டோ. மூன்று சிலிண்டர், வெள்ளை நிறம், தலையில் 'L' பலகை, ஆசிரியை பக்கத்திலும் ஒரு பிரேக். இந்தப் பக்கத்தில் இன்று வாகனம் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அதன் கிளச்சை மிதித்துத்தான் ஆளானார்கள். நீகூட அதில் மூன்று தடவை பெயிலானாய். அதையும் நான் குறிப்பிடவில்லை. பள்ளிக்குப் புதுக் கார் வந்ததும் பழையதை இவள் வாங்கிக்கொண்டு வந்து, "அப்பா, இத டியூன் பண்ணப் போறேன்" என்றாள். கோயில் ஆர்மோனியத்துக்குச் செய்வது போல ஏதோ என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன். அடுத்த நாளே மூக்கன் பாஸ் வந்து இறங்கினார். அவர் லொறி மெக்கானிக். ஆல்டோவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல என்ஜின் எங்க இருக்கு?" என்று கேட்டவர், ஒரு வாரத்தில் அதற்குப் பைத்தியமாகிவிட்டார். ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சீவிக்கொண்டு வந்தார். ஸ்பிரிங்கை அறுத்துக் காரைக் குள்ளமாக்கினார். குள்ளமாக்கியதில் எங்கள் லயத்து வீடுகளுக்கு முன்னாலுள்ள சாக்கடைக் கானுக்கு மேலே போட்டிருக்கும் பலகையில் கார் வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது, ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். பிறகு புகைக்குழாயை மாற்றினார். அதை முதல் முதலாக ஸ்டார்ட் பண்ணியபோது பக்கத்து வீட்டுக் காளியாயியின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஞாயிறு பூசையில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் உருகிச் சொல்லுகிற நேரத்தில் இவள் கோயில் வளைவில் கியர் மாற்றினாள். மன்றாட்டு மேலே போய்ச் சேர்ந்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. சுவாமியார் அன்றைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார், அந்த ஒரு நன்மைக்காகச் சபையார் காரை மன்னித்தார்கள்.

அடுத்தது எடைக் குறைப்பு. தரைவிரிப்பு போயிற்று. ஸ்டெப்னி டயர் போயிற்று. ஆசிரியை பிரேக் போயிற்று. பின் சீட் எங்கள் வீட்டு முன் அறைக்கு வந்துவிட்டது. வீடு சந்திக்க வந்த சுவாமியார் அதில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பெல்ட்டைத் தேடினார். இவ்வளவும் கழற்றிவிட்டு முதல் நாள் பழக்கத்துக்குப் போனால், நாலாம் வளைவில், மழை ஈரத்தில், முன் சில்லு இரண்டும் சுற்றுகிறது, கார் நின்ற இடத்திலேயே நின்று உறுமுகிறது. இது முன் சில்லு இழுக்கிற கார் தம்பி. ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் சாய்ந்துவிடும், இழுக்க வேண்டிய சில்லுக்குப் பிடிமானம் இருக்காது. இது எனக்கு மூக்கன் பாஸ் சொல்லித் தெரியவில்லை. கொழுந்து நிறுக்க வந்துகொண்டிருந்த ராசம்மா சொல்லித்தான் தெரிந்தது. "பிள்ள, மொகத்துல பாரமில்லாம எப்புடிம்மா ஏறும்? தள்ளு, நாங்க குந்துறோம்" என்று சொல்லி, நாலு பெண்கள் கொழுந்துச் சாக்கோடு போனெட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். கார் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி மளமளவென்று ஏறியது. போட்டியில் நாலு பேரைப் போனெட்டில் வைக்க விதி இடம் கொடுக்காது என்பதால், ரிவர்ஸில் ஏறலாமா என்று சுதர்ஷினி உன்னிடம் வந்து கேட்டாள். பின்னுக்குப் போனால் இழுக்கிற சில்லு கீழே வரும், பாரம் அதன் மேல் நிற்கும். நீ விதிப்புத்தகத்தை இரண்டு நாள் புரட்டிவிட்டு, "மொகத்தக் காட்டித்தான் ஓடணும்னு எழுதல. ஆனா எழுதலங்கிறதுக்காகச் செய்யக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னாய். நல்ல தீர்ப்பு. அரசியலுக்குப் போ.

அதற்குப் பிறகுதான் பிள்ளை உண்மையாக உழைத்தாள். முன்னால் இருக்கிற எதையும் தொடாமல் பின்னால் இருந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எல்லாவற்றையும் வீட்டுத் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதினாள். கார் இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு, தலைக்கவசம் இவ்வளவு, பெப்ரவரியில் கிளினிக்கில் நிறுத்தபடி தன்னுடைய ஐம்பத்தாறு கிலோ. கூட்டினால் எழுநூற்று இரண்டு. "ரெண்டே ரெண்டு கிலோதாம்ப்பா கூட. அது போதும்" என்றாள். பள்ளியில் வேலை முடிந்து வந்ததும் தினமும் ரோட்டுக்குப் போவாள். சோறு ஆறும், கறி ஆறும், அவள் வரமாட்டாள். கொண்டை ஊசி வளைவில் கைப் பிரேக்கை இழுத்து வாலை வீசித் திருப்பப் பழகினாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது விபத்து என்று நினைத்து நான் ஜெபமாலையோடு ஓடினேன். "மிதிச்சா சில்லு சுத்தும்ப்பா. மெதுவா மிதிச்சாத்தான் வேகமா போகும்" என்று எனக்குப் புரியாத ஒரு ஞானத்தைச் சொன்னாள்.

போட்டியன்று பனிமூட்டமும் தூறலும் உனக்கு ஞாபகமிருக்கும். திலக்ஷனின் கார் ஒட்டுப்படங்களும் மினுக்கமுமாகக் கல்யாண வீடு மாதிரி வந்து நின்றது. எங்கள் கார் 'L' பலகை இருந்த இடத்தில் பெயின்ட் வெளுத்துப்போய், இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நின்றது. நான் மேலே, முடிவுக்கோடு இருக்கிற தொழிற்சாலை வாசலில் நின்றேன். கீழே அந்தப் புகைக்குழாய்ச் சத்தம் கிளம்பியது. ஒவ்வொரு வளைவாக எண்ணினேன். ஏழாம் வளைவில் சத்தம் நின்றுபோனது. எனக்கு நெஞ்சு நின்றுபோனது. பிறகு பார்த்தால், பிள்ளை சத்தமே இல்லாமல் மெதுவாக மிதித்து அந்தச் சேற்றைத் தாண்டியிருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் அங்கேதான் சில்லைச் சுற்றவிட்டு நின்றார்கள். இரண்டு நிமிடம் பதினொரு வினாடி. திலக்ஷனை விட மூன்று வினாடி குறைவு. எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி, மழையென்று சொல்லிச் சமாளித்தேன். லயத்துப் பெண்கள் எல்லோரும் குரவை போட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் கமிட்டியின் மின்சாரத் தராசு மழை குடித்துவிட்டுச் செத்துப்போனது. நீ என்னிடம் ஓடிவந்தாய். "அண்ணே, லொறி நிறுக்கிற பழைய மேடைத் தராசு இருக்குல்ல? இப்ப இருக்க கணக்கப்பிள்ள சித்திர வருஷத்துக்கு ஊருக்குப் போயிட்டாரு. ஒங்களுக்கு மட்டுந்தான் அதோட மொகம் தெரியும்." என் மகள் போட்டியில் இருக்கிறாள், நான் நிறுக்கலாமா என்று கேட்டேன். "ஒங்க நேர்ம ஊருக்கே தெரியும்ணே" என்றாய். அந்த வார்த்தைக்கு மயங்கினேன். வீட்டுக்கு ஆளனுப்பி என் பழைய கோட்டை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டேன். எல்லாம் அந்தக் கோட்டினால் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கோட்டைப் போட்டு, தராசு முன்னால் நின்று, மழை தூறி, எதிரே பெண்கள் கூட்டமும் நின்றால், முப்பத்தொரு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? எட்டுக் கார்கள் வந்தன. என் கண் பார்த்தது ஒன்று, வாய் சொன்னது ஒன்று. எல்லாக் காருக்கும் அப்படித்தான்; யாருக்கும் வஞ்சனை செய்யவில்லை. மற்றக் கார்கள் எல்லாம் கொழுத்த கார்கள், அவைகளுக்கு அது உறைக்கவில்லை. கடைசியாகச் சுதர்ஷினி ஏறினாள். முள் எழுநூற்று இரண்டில் நின்றது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். "அறுநூத்தித் தொண்ணூத்தேழு!" என்று கத்தினேன். கொழும்பிலிருந்து வந்த உன் அதிகாரி எழுதிக்கொண்டார். கூட்டத்திலிருந்து ராசம்மா, "ஏங்க கணக்கப்பிள்ள ஐயா, காருக்குமா தண்ணி கழிக்கிறீங்க?" என்று கேட்டது மலைக்கு மலை எதிரொலித்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்கு அந்த நொடியில்தான் நான் செய்தது தெரிந்தது. திரும்ப நிறுங்கள் என்று கேட்க சுதர்ஷினி காரிலிருந்து குதித்து வந்தாள். சாரதி இறங்கிவிட்டால் மறு நிறுவை கிடையாது, பதினாலாம் விதி என்றார் அதிகாரி. நியாயம் கேட்க இறங்கினாள், இறங்கியதால் நியாயம் போனது.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் படுகிற பாடு பகைவனுக்கும் வேண்டாம். சுதர்ஷினி எனக்கு அரைக் கோப்பை தேநீர்தான் தருகிறாள். ஏன் என்று கேட்டால், "மழ பெய்யுதுல்லப்பா, தண்ணி கழிச்சிட்டேன்" என்கிறாள். கடையில் அரைக் கிலோ சீனி கேட்டேன்; கடைக்காரர் நிறுத்துவிட்டு ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்து, "சாக்குக்கு" என்றார். மூக்கன் பாஸ் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறார். எல்லாவற்றையும் பொறுப்பேன். பெற்றீசியா ஒரு வார்த்தை பேசவில்லை தம்பி. உன் அண்ணி திட்டினால் எனக்குத் தெம்பு. பேசாமல் இருந்தால் சாப்பாடு இறங்காது. இருபத்தெட்டு வருடம் இதே மலையில் கொழுந்து எடுத்தவள். என் தராசுக்கு முன்னால் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றவள். என்னைப் பார்ப்பாள், பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். தோள் குலுங்கும். அழுகிறாள் என்று எனக்குத் தெரியாதா?

இனிச் சுற்ற வளைவு இல்லை, எழுதிவிடுகிறேன். சூசைரட்ணம் ஆகிய நான், ஏப்ரல் 21ஆம் திகதி மேற்படி காரின் எடையில் ஐந்து கிலோவைக் கழித்துச் சொன்னேன். மூன்று கிலோ மழைத் தண்ணீருக்கு, இரண்டு கிலோ சாக்குக்கு. காருக்குச் சாக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்படித்தான் முப்பத்தொரு வருடமும் கழித்தேன். மழை பெய்தால் தண்ணீர் என்றேன், வெயில் அடித்தால் காலைப் பனி என்றேன். மேலே இருந்தவர்கள் கழிக்கச் சொன்னார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்த எவ்வளவு என்னுடையது. முதுகில் பாரத்தோடு அட்டைக் கடி வாங்கி மலை இறங்கி வந்த பெண்களின் முகத்தைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தேன், முள்ளையும் சரியாகச் சொல்லவில்லை. ராசம்மாவிடமும் காளியாயியிடமும் என் பெற்றீசியாவிடமும் கழித்தேன். வெட்கமாக இருக்கிறது. என் மகளிடம் கழித்த பிறகுதான் வெட்கம் வந்தது என்பது அதைவிட வெட்கம். ஆகவே அவளுடைய ஐந்து கிலோவை அவளுக்குத் திருப்பித் தந்து, கிண்ணத்தையும் தரும்படி கமிட்டியை மன்றாடுகிறேன். அவள் பிழை எதுவுமில்லை. கார் எழுநூற்று இரண்டு கிலோ, இது சத்தியம்.

உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும், சறுக்காத பாதையும், ஈரத்திலும் வேலை செய்கிற ஒரு தராசும் அருளுவாராக. சின்னம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லவும். இனியாவது போனை எடுக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள (இன்றிலிருந்து),
சூசைரட்ணம்

பி.கு.: தம்பி, மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். கடிதத்தை மடித்து உறையில் போடும்போது பெற்றீசியா வந்து பிடுங்கி வாசித்தாள். வாசித்து முடித்ததும் முந்தானையை எடுத்து முகத்தை மூடினாள், தோள் குலுங்கியது. ஆறுதல் சொல்லக் கிட்டே போய்ப் பார்த்தால், சிரிக்கிறாள். பதினோரு நாளும் சிரிப்பைத்தான் அடக்கியிருக்கிறாள். "அந்தக் கோட்டோட நீங்க தராசுகிட்ட நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இந்தாளு கழிப்பாருன்னு. மழ வேற. அஞ்சு கிலோ கழிப்பாருன்னு கணக்குப் போட்டேன். காரு வரிசையில நிக்கிறப்ப பிள்ளைக்குப் பிளேன்டீ குடுக்கப் போனேன்ல? லொறிச் சில்லுக்கு முட்டுக் குடுக்கிற கல்லு ஒண்ணு கெடந்துச்சு. அத எடுத்து சீட்டுக்கு அடியில தள்ளிட்டேன்" என்றாள். நிறுக்காமல் ஐந்து கிலோ என்று எப்படித் தெரியும் என்றேன். "இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்த கைக்கு அது தெரியாதா?" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன், கல் இன்னும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வீட்டுத் தராசில் வைத்தேன். கழிக்காமல் ஐந்து கிலோ.

ஆகவே முள் காட்டிய எழுநூற்று இரண்டில் ஐந்து கிலோ கல். ஓடும்போது கார் அறுநூற்றுத் தொண்ணூற்றேழுதான். நான் வாயால் சொன்னது கிராம் பிசகாமல் சரி, திலக்ஷன் கிண்ணம் வாங்கியதும் சரி. கொப்பிக் கணக்கு எங்கே பிழைத்தது என்று சுதர்ஷினி தராசில் ஏறி நின்றாள்: ஐம்பத்தொன்று. "ரெண்டு மாசமா சோறு திங்காம கார் கார்னு அலைஞ்சா ஒடம்பு நிக்குமா?" என்று அவள் தாய் அப்போதுதான் உண்மையாகத் திட்டினாள். சுதர்ஷினி இறங்கிப் போய்க் கொப்பியில் ஐம்பத்தாறை வெட்டி, ஐம்பத்தொன்று என்று எழுதினாள். பிறகு, "கப்பு வேணாம்ப்பா. ஓட்டுனது நாந்தானே, அது போதும். அடுத்த வருஷம் தின்னுட்டு ஓடுறேன்" என்று சொல்லி, எனக்கு முழுக் கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன ஒரே சரியான நிறை இதுதானா என்று கேட்டேன். அதற்குப் பெற்றீசியா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாரு சொன்னா? எல்லா நாளுஞ் சரியாத்தான் நிறுத்தீங்க. மழ நாளைக்கு அஞ்சு கிலோ கல்லு, வெயில் நாளைக்கு ரெண்டு கிலோ கல்லு, சாக்குக்கு அடியில போட்டுத்தான் வருவோம். நிறுத்ததும் எடுத்து இடுப்புல கட்டுன படங்குக்குள்ள சொருகி, பின்னால நிக்கிறவகிட்ட குடுத்துருவோம். ஒரே கல்ல ஒரு நாளைக்குப் பதினாறு தரம் நிறுத்திருக்கீங்க நீங்க." அந்தப் பதினாறு பேரில் ராசம்மாவும் உண்டாம், காளியாயியும் உண்டாம். ஆகவே கிழித்துப் போட்டுவிடு. நானே கிழிக்கலாமென்றால் பெற்றீசியா விடமாட்டேன் என்கிறாள். தானே தபாலில் போடுவதாகச் சொல்லிப் பேனாவையும் கேட்கிறாள். கொடுக்கிறேன்.

ஜூட்சன் தம்பிக்கு அண்ணி எழுதுறது. கிழிக்க வேணாம். கப்பு வேணாம்னு பிள்ள சொல்லிட்டா, அதனால கல்லு விஷயத்த கமிட்டியில வாசிக்கிறதும் விடுறதும் ஒங்க இஷ்டம். கழிச்சேன்னு ஒங்க அண்ணன் எழுதுனத மட்டும் ரெண்டு தரம் சத்தமா வாசிங்க. கொழுந்து எடுத்த நாங்க எல்லாரும் வருவோம், பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.